ரப்பர் நாற்றமா, ரப்பர் 'நோட்'டா?

சென்ட் பற்றி நம்ம வயசு ஆட்கள் தமிழில் எழுதுற விமர்சனங்களை வரிசையா வாசிச்சுப் பாருங்க. 'கிளீன்', 'ஃப்ரெஷ்', 'ரிச்', 'ஆபீசுக்கு ஓகே'. இந்த நாலு சொல்லுக்குள்ள எல்லாப் போத்தலும் அடங்கிடுது. எழுதினவர் கேகாலையில் இருக்கிறாரா, டொரொன்டோவில் இருக்கிறாரா என்று கண்டுபிடிக்கவே முடியாது. பெட்டியின் பின்பக்கம் அச்சடித்ததைத்தான் மூக்கு திருப்பிச் சொல்கிறது. நான் சொல்ல வருவது இதுதான்: சபரகமுவ தோட்டங்களில் வளர்ந்த மூக்கு என்று ஒன்று இருக்கிறது. அதை நம்பி நாம் எழுதாத வரைக்கும், எது வாசம், எது நாற்றம் என்ற தீர்ப்பை வேற யாரோதான் எழுதுவாங்க.

ஒரு போத்தலை எடுத்துக்கொள்வோம். 1998இல் புல்கரி நிறுவனம் 'பிளாக்' என்ற சென்ட்டை வெளியிட்டது. உருவாக்கியவர் அனிக் மெனார்டோ. போத்தலைச் சுற்றி டயர் மாதிரி கறுப்பு ரப்பர். உள்ளே இருப்பதும் ரப்பரும் புகைத் தேயிலையும்தான். அடித்தவுடன் புது டயர்க் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். கொஞ்சத்தில் புகை படிந்த தேத்தண்ணி. கடைசியில் வெனிலா இனிப்பு தோலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். எனக்குப் பிடித்த சென்ட் அது. உலகம் முழுக்க சென்ட் பிரியர்கள் அதைக் கொண்டாடினார்கள். துணிச்சலான படைப்பு என்றார்கள்.

இப்ப கேகாலைக்கு வாங்க. ரப்பரும் தேயிலையும்தான் நம்ம மாவட்டங்களின் இரண்டு பெரிய பயிர்கள். விடியுமுன்னே மரம் வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துத் தூக்கி வருகிற பெண் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டில் இருப்பவர் ஜன்னல் பக்கம் திரும்புகிறார். வகுப்பில் தோட்டத்துப் பிள்ளையைப் பார்த்து "ஒட்டுப்பால் மணக்குது" என்று சிரிக்கிறார்கள். ரப்பர் போத்தலுக்குள் இருந்தால் 'நோட்'. உழைக்கிறவரின் சட்டையில் இருந்தால் நாற்றம். இந்த வித்தியாசத்தை மூக்கு கண்டுபிடிக்கவில்லை. பையில் இருக்கிற காசும், பிறந்த லயமும் கண்டுபிடித்தது.

"ரப்பர் உண்மையிலேயே நாறுதே, அதை ஏன் மறைக்கிறாய்?" என்று கேட்கலாம். மறைக்கவில்லை. பாலில் ரப்பர் மட்டும் இல்லை. புரதம், சர்க்கரை எல்லாம் இருக்கிறது. பக்டீரியா அதைத் தின்னும்போது புளித்த வாடை வருகிற கொழுப்பமிலங்கள் உண்டாகின்றன. ஃபோமிக் அமிலம் ஊற்றி உறையவைத்து, ஷீட்டாக உருட்டி, புகையில் காயவைக்கிற இடத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அது கடுமையான வாடைதான். அதை 'மண்ணின் மணம்' என்று கவிதையாக்குகிற வேலையும் எனக்கு வேண்டாம். ஆனால் அந்த வாடை வேலையுடையது, ஆளுடையது இல்லை. வேலை முடிந்து வருகிறவருக்குக் குளிக்கத் தனி இடமும் தாராளமாகத் தண்ணீரும் இருந்தால் அது வேலைத்தலத்திலேயே நின்றுவிடும். ஒரு லயத்துக்கே ஒரு பைப் என்று வைத்துவிட்டு, 'தோட்டக்காட்டான் நாறுறான்' என்பது என்ன நியாயம்?

தேயிலைக்கும் இதே கதைதான். 1990களின் தொடக்கத்தில் ழான்-குளோட் எலெனா புல்கரிக்காக ஒரு பச்சைத் தேயிலை சென்ட்டைச் செய்தார். அதற்குப் பிறகு 'டீ' வாசம் ஒரு பெரிய மோஸ்தர் ஆனது. 1999இல் எலிசபெத் ஆர்டனின் 'கிரீன் டீ' வந்தது. அதைச் செய்தவர் ஃபிரான்சிஸ் குர்க்ஜான். எலெனா அந்தத் தேயிலை மணத்தைக் கொழுந்திலிருந்து எடுக்கவில்லை. ஹெடியோன், அயோனோன் என்ற ஆய்வுகூடப் பொருட்களை வைத்தே கட்டினார். அது திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் 'கிரீன் டீ'யை முகர்ந்தால் எனக்கு எலுமிச்சைத் தோலும் குளிர்ந்த புதினாவும்தான் வருகிறது. இரத்தினபுரிப் பக்கம் தேயிலை பெக்டரியை ஒருமுறை கடந்தவருக்குக்கூட அது தேயிலை இல்லை என்று தெரியும். வாடவைத்த கொழுந்தின் பச்சை வாடை, உருட்டின பிறகு எழும்புகிற பழுத்த ஆப்பிள் மாதிரியான இனிப்பு, டிரையர் பக்கம் வறுத்த மொச்சை மாதிரி ஒரு சூடு. கொழுந்து நசுங்கும்போதுதான் உள்ளே பூட்டிக் கிடந்த லினலூலும் ஜெரானியோலும் வெளியே வருகின்றன. லினலூல் லவண்டரிலும் இருக்கிறது, ஜெரானியோல் ரோஜாவிலும் இருக்கிறது. இதை எந்தப் பெட்டியும் நமக்குச் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. சீனாவின் ஃபூஜியனில் பைன் விறகுப் புகையில் காயவைக்கிற லப்சாங் தேயிலைக்குப் புகைதான் பெருமை. 'பிளாக்' சென்ட்டில் இருப்பதும் அந்தப் புகைதான். நம்ம பெக்டரியில் டிரையர் ஒழுகித் தேயிலையில் புகை ஏறினால் அதைக் குறை என்று சொல்லி விலையைக் குறைக்கிறார்கள். அதே புகை, எங்கே, யாருடைய பெயரில் வருகிறது என்பதுதான் விலையை முடிவுசெய்கிறது.

'ஊத்' மோகத்தையும் விடமுடியாது. நம்ம ஈரவலயக் காடுகளில் வளர்கிற வல்லப்பட்டை மரத்திலிருந்தும் அகர் வகைப் பிசின் கிடைக்கும் என்று 2012இல் இலங்கை ஆய்வாளர்கள் எழுதினார்கள். வல்லப்பட்டையோடு கைதான செய்திகளை நாம் எல்லாரும் வாசித்திருக்கிறோம். 'ராஜ வாசம்' என்று ஊத் விமர்சனம் எழுதுகிறவர்கள், காயப்பட்ட மரம்தான் அந்தப் பிசினைச் சுரக்கிறது என்று ஒரு வரியாவது எழுதலாம்.

மறுபக்கத்திலும் ஒரு குரல் இருக்கிறது. "தோட்டத்துப் பிள்ளைக்கு சென்ட் என்ன கேடு?" 2024 வர்த்தமானிப்படி தேயிலை, ரப்பர் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. ஒரு நல்ல போத்தலுக்கு எத்தனை நாள் கொழுந்து பறிக்கணும் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். ஆனால் அந்தக் கணக்கில் பிழை சம்பளத்தில் இருக்கிறது, ஆசையில் இல்லை. வெளிநாட்டில் வேலை செய்த அக்கா கொண்டுவந்த சென்ட்டைத் திருவிழாவுக்கு மட்டும் ரெண்டு சொட்டு வைக்கிற அம்மாவும், ராணி சந்தன சோப் போட்டுக் குளித்த மணத்தோடு பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்புகிற அம்மாவும் வாசனை தெரிந்தவர்கள்தான். நல்ல மணத்துக்கு ஆசைப்பட யாரிடமும் பர்மிட் வாங்கத் தேவையில்லை. நான் எதிர்ப்பது ஒன்றைத்தான்: பிறந்த இடத்தை மறைக்க சென்ட் அடிக்கச் சொல்வதை.

பழைய தமிழில் 'நாற்றம்' என்றால் நறுமணம். அந்தச் சொல்லே மேலிருந்து கீழே தள்ளப்பட்டதுதான். அதனால் அடுத்த விமர்சனம் எழுதும்போது 'ஃப்ரெஷ்' என்று முடிக்காதீங்க. கொழுந்து மாதிரியா, ஷீட் காய்கிற புகை மாதிரியா, மழை நின்ற கான் ஓரம் மாதிரியா என்று எழுதுங்க. நல்லா இல்லையென்றால் அதையும் நம்ம சொல்லிலேயே சொல்லுங்க. பிளாக்கை டயர்க் கடை என்று சொன்னால் அது குறைந்துபோகாது. பால் வெட்டுகிறவரைப் பற்றிப் பேசுகிறபோதும் அதே மரியாதை வேணும்.