கம்பு இருக்கிறது, அடிக்க ஆளில்லை

2003ஆம் ஆண்டு. போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த காலம். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பொல்லடிக் கலை பற்றி ஞாயிறு இதழுக்கு ஒரு கட்டுரை எழுதுவதற்காகக் கல்முனைப் பக்கம் சென்றிருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய அண்ணாவியார் ஒருவர் பரணிலிருந்து சாக்குப் பொதியொன்றை இறக்கி அவிழ்த்தார். உள்ளே சோடி சோடியாகக் கம்புகள். கைபட்டுக் கைபட்டு வழுவழுப்பேறியவை.

"கம்பு இரிக்கி தம்பி, அடிக்கத்தான் ஆளில்ல" என்றார்.

பொல்லடியைக் களிகம்பு என்றும் சொல்வர். வட்டமாக நின்று, இரு கைகளிலும் கம்பு பிடித்து, அண்ணாவியார் பாடும் பாட்டுக்கு ஏற்ப அயலில் நிற்பவரின் கம்போடு அடித்து ஆடுவது. திருமண வீடுகளிலும் ஊர்வலங்களிலும் ஆடப்பட்டு வந்தது. சமயம் படித்துவிட்டு வந்த பேரப்பிள்ளை இதெல்லாம் மார்க்கத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டதாக அவர் கூறினார். அவர் குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

மறுநாள், சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள தமிழ்க் கிராமம் ஒன்றில் வசந்தன் கூத்து அண்ணாவியார் ஒருவரைச் சந்தித்தேன். வைகாசி மாதம் கண்ணகி அம்மன் கோயில் சடங்கின்போது ஆடப்படுவது வசந்தன். அதிலும் வட்டம், கம்பு, அண்ணாவியார் பாட்டு. அவரும் ஏறக்குறைய அதே கதையைத்தான் சொன்னார். கோயில் நிர்வாகத்தினர் ஒலிபெருக்கியில் பக்திப் பாடல் போடுகிறார்கள். பிள்ளைகளைப் பரதநாட்டியத்துக்கு அனுப்புகிறார்கள். வசந்தன் "நாட்டுப்புறத்தான் ஆட்டம்" ஆகிவிட்டது.

இரண்டு நாட்கள், இரண்டு சமயங்கள், ஒரே முறைப்பாடு. இருவரையுமே அவரவர் சமூகத்தவர் அண்ணாவியார் என்றுதான் அழைக்கின்றனர்.

இந்துக்களின் கலைக்கும் முஸ்லிம்களின் கலைக்கும் இடையிலான வேறுபாடு பற்றிப் பேசுவோர் பொதுவாக ஒரு சூத்திரம் வைத்திருப்பார்கள். இந்து சமயம் இசையையும் ஆடலையும் வழிபாடாகவே கொள்வது. இஸ்லாம் அவற்றை விலக்குவது என்பதே அது. உண்மை இவ்வளவு எளிதல்ல. தமிழ்மொழியே இதற்குச் சான்று. வேதம் ஓதுகிறோம், திருமுறை ஓதுகிறோம், குர்ஆன் ஓதுகிறோம். கோயிலில் தேவாரம் இசைப்பவர் ஓதுவார். கிழக்கில் முஸ்லிம் சிறுவர்கள் குர்ஆன் கற்கும் இடம் ஓதப்பள்ளி. குர்ஆனைப் பாடினார் என்று எவரும் சொல்வதில்லை. எழுத்துப் பிறக்கும் இடத்தையும் நீட்டும் அளவையும் நிறுத்தும் இடத்தையும் தஜ்வீத் விதிகள் வரையறுக்கின்றன. வேத பாராயணத்திலோ உதாத்தம், அநுதாத்தம், சுவரிதம் என்பன இம்மியும் பிசகக்கூடாது. இரண்டுமே ஆசிரியரின் வாயிலிருந்து மாணவரின் செவிக்கு வருபவை.

ஆக, புனித ஓதலைச் சுற்றி வேலி போடும் வழக்கம் இரு பண்பாட்டிலும் உண்டு. அந்த வேலிக்கு வெளியே பரந்த முற்றம் ஒன்று இருந்தது. வசந்தனும் பொல்லடியும், தாயிரா தட்டிப் பாடும் பக்கீர்மாரின் பைத்தும், உடுக்கு ஒலிக்கப் பாடும் அம்மன் காவியமும் அந்த முற்றத்துக்கு உரியவை. ஓதலை யாரும் அதனோடு குழப்பிக்கொள்ளவில்லை. இன்று இரு பக்கத்துத் தூய்மைவாதிகளும் வேலியை நகர்த்தி நகர்த்தி முற்றத்தையே விழுங்கிவிட்டார்கள்.

இசை ஆகுமா ஆகாதா என்பது இஸ்லாமிய அறிஞர்களிடையே நூற்றாண்டுகளாக நடக்கும் விவாதம். அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. எனினும் ஒரு மனிதரை நினைவூட்டலாம். ஆந்திராவின் கரவதியில் 1924இல் பிறந்து, திருவரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா, இந்துக் கோயில்களில் நாதஸ்வரம் வாசித்தவர். 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். கடைசிவரை அவர் முஸ்லிமாகவே இருந்தார். கோயில் தீட்டுப்படவுமில்லை, அவருடைய ஈமான் குறையவுமில்லை.

1990இல் கிழக்கில் இரு சமூகங்களும் சிந்திய இரத்தத்தை நான் மறக்கவில்லை. அதன் பின்னர் ஒருவர் ஊருக்குள் மற்றவர் போகாத காலம் வந்தது. ஆனால் பொல்லடியைத் தமிழர் அழிக்கவில்லை. வசந்தனை முஸ்லிம்கள் அழிக்கவில்லை. அவரவர் கலையை அவரவரே கைவிட்டோம். நல்லிணக்க விழா என்ற பெயரில் பத்து நிமிடம் பரதமும் பத்து நிமிடம் றபானும் மேடையேற்றிப் படம் பிடிப்பதால் இந்தக் குற்றம் கழியாது.

வழி இல்லாமலில்லை. 1940இல் தி. சதாசிவ ஐயர் மட்டக்களப்பு வசந்தன் கவிகளைத் திரட்டி நூலாக்கினார். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிழக்கின் கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொண்டுவந்து, படித்தவர்களின் இளக்காரத்தை உடைத்தார். ஆனால் நூல் சொல்லைத்தான் காக்கும். மெட்டையும் மிதியையும் காக்க ஆள் வேண்டும். மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து, எஞ்சியுள்ள அண்ணாவிமாரை ஒலி, ஒளிப்பதிவு செய்யலாம். ஆடுவதா வேண்டாமா என்பதை அடுத்த தலைமுறை தீர்மானிக்கட்டும். தீர்மானிப்பதற்கு ஏதாவது மிஞ்ச வேண்டுமல்லவா?

பிறரைக் குறை சொல்லும் நான் என் கணக்கையும் காட்டவேண்டும். அன்று என்னிடம் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. அந்த முஸ்லிம் அண்ணாவியாரின் பேட்டியை முழுவதும் பதிவு செய்தேன். பேட்டி முடிந்ததும் அவர் இரண்டு கம்புகளை எடுத்துத் தட்டிக்கொண்டு பாடத் தொடங்கினார். மறுநாள் பேட்டிக்கு ஒலிநாடா போதாது போய்விடுமே என்று கருவியை நிறுத்திவிட்டேன்.

அவர் இன்று இல்லை. அவர் சொன்னவை எல்லாம் என்னிடம் இருக்கின்றன. பாடியது இல்லை.