ஆண்மைக்குச் சீட்டு வேண்டாம், அவளுக்கு மாத்திரையே கிடையாது

மருந்துக்கடையில் சில்டினாஃபில் கேட்டுப் பாருங்கள். 'அட்டவணை எச்' மருந்து அது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் இதைச் சேர்த்து விழுங்கினால் இரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்து. ஆனாலும் சீட்டு கேட்கும் கடை அபூர்வம். கேட்பவர் ஆண், கேட்பது ஆண்மை. கடைக்காரர் ஒரு சிரிப்போடு எடுத்துக் கொடுத்துவிடுவார்.

இப்போது அதே கடையில் ஒரு பெண் அவசர கருத்தடை மாத்திரை கேட்கட்டும். லெவோநார்ஜெஸ்ட்ரல், 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. 2005லிருந்து இந்தியாவில் சீட்டு இல்லாமலே வாங்கலாம். மத்திய அரசின் குடும்பநலத் திட்டத்திலேயே இது இருக்கிறது. பெங்களூரில் கேட்டால் கிடைக்கும். தமிழ்நாட்டில் பெரும்பாலான கடைகளில் 'அதெல்லாம் வைக்கிறதில்லம்மா' என்பதுதான் பதில். சட்டம் தடுத்த மருந்து தாராளமாகவும் சட்டம் அனுமதித்த மருந்து இல்லாமலும் இருக்கிற இந்த விந்தையை, பெரியார் பிறந்த மண் என்று மேடைதோறும் முழங்கும் நாம் கண்டுகொள்வதே இல்லை.

பல ஆண்டுகள் மருந்தாளுநராகக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள் நான். 'ஏன் வைப்பதில்லை' என்று முதலாளிகளிடம் கேட்டிருக்கிறேன். 'மருந்து ஆய்வாளர் வந்தால் தொல்லை' என்பார்கள். எந்த விதியின் கீழ் தொல்லை என்று கேட்டால் பதில் வராது. கொஞ்சம் பேசவிட்டால் உள்ளே இருப்பது வெளியே வரும்: 'பொண்ணுங்க கெட்டுப் போயிடும்.'

இன்னொரு குழப்பமும் உண்டு. இதைக் கருக்கலைப்பு மாத்திரை என்றே பலர், மருத்துவம் படித்தவர்கள் சிலர்கூட, நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. லெவோநார்ஜெஸ்ட்ரல் கருமுட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுகிறது; ஏற்கெனவே உருவான கருவை அது ஒன்றும் செய்யாது. 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கருவைக் கலைப்பது மிஃபெப்ரிஸ்டோனும் மிசோப்ரோஸ்டாலும். அவற்றுக்குச் சீட்டும் மருத்துவர் கண்காணிப்பும் தேவை. முதலாவதை மறுத்தால், சில வாரம் கழித்து அந்தப் பெண் இரண்டாவதைத் தேடி யார் யார் காலிலோ விழ வேண்டியிருக்கும். அதற்குப் பணம் வேண்டும், துணை வேண்டும், ரகசியம் காக்கும் மருத்துவர் வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்கு இந்த மூன்றும் கிடைத்துவிடும். சேரியிலிருந்து மில்லுக்கு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு?

சாதிக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று சில தோழர்களே கேட்கிறார்கள். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அண்ணல் அம்பேத்கர் இதற்குப் பதில் சொல்லிவிட்டார். அகமணமே சாதியின் உயிர். அதைக் காப்பாற்றத்தான் சதியும் கட்டாய விதவைக் கோலமும் குழந்தை மணமும் வந்தன என்று காட்டினார். பெண்ணின் கருப்பைதான் சாதியின் வேலி. யாரிடமும் கேட்காமல், யார் சீட்டும் இல்லாமல் ஒரு பெண் தானே வாங்கிப் போடும் மாத்திரை அந்த வேலியில் விழுகிற ஓட்டை. ஊர்க்கடைக்காரருக்கு அது தெரிகிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

மாத்திரையே விடுதலை என்று நான் சொல்லவில்லை. தலித் இளைஞனைக் காதலித்துக் கருவுற்ற மகளுக்கு வலுக்கட்டாயமாக மாத்திரை கொடுத்துக் கலைக்கிற ஆதிக்கச் சாதிக் குடும்பங்களும் இங்கே உண்டு. மருந்து யார் கையில் இருக்கிறது, யார் முடிவு செய்கிறார்கள் என்பதே கேள்வி.

கருத்தடை மருந்துகளின் வரலாறு முழுக்க இந்தக் கேள்விதான். 1956இல் போர்ட்டோ ரிக்கோவில் ஏழைப் பெண்களிடம் முதல் கருத்தடை மாத்திரையைப் பெரிய அளவில் சோதித்தபோது, அது சோதனை என்பதையே அவர்களிடம் சொல்லவில்லை. 1985இல் ஆந்திராவின் பட்டஞ்செரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'நெட்-என்' ஊசி சோதனைக்கு ஏழைப் பெண்களைக் கூட்டி வந்தபோதும் அதே கதை. பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்ட முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்த முகாம்களுக்கு வருகிற பெண்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 'பெற்றது போதும்' என்று அரசு அவர்களிடம் சொல்லும்போது யாருக்கும் பண்பாடு கெடுவதில்லை.

ஆண்கள் எங்கே? 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம். ஆண்கள் 0.3. வாசெக்டமி சிறிய சிகிச்சை, அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஆண்மை போய்விடுமாம்! 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்மை மருந்து விளம்பரங்களைத் தடை செய்கிறது, பேருந்து நிலையச் சுவர்களுக்கு மட்டும் அந்தச் சட்டம் செல்லாது போலிருக்கிறது. 'ஆண்மை அழியவேண்டும்' என்று பெரியார் ஒரு அத்தியாயமே எழுதியது இந்தச் சுவர்களைப் பார்த்துத்தானோ என்று எனக்குத் தோன்றும். நாட்டின் செல்வத்துக்காக, உடல்நலத்துக்காகக் கருத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் பேசியபோது, பெண்ணின் சுதந்திரத்துக்காக வேண்டும் என்றவர் அவர். 1938இல் அம்பேத்கரின் கட்சி பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடைத் தீர்மானம் கொண்டுவந்து தோற்றது.

நாம் கேட்க வேண்டியது பெரிய விஷயமில்லை. அவசர கருத்தடை மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்கலாம் என்று மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எல்லாக் கடைகளுக்கும் எழுத்தில் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். லக்னோ ஆய்வகத்தில் உருவான, ஹார்மோன் இல்லாத 'சாயா' மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையங்களில், தாலி இருக்கிறதா என்று பார்க்காமல் கிடைக்க வேண்டும். மணமாகாத பெண்ணுக்கும் கருக்கலைப்பு உரிமை சமம் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கருத்தடைக்கு மட்டும் ஏன் தாலி? ஒவ்வொரு ஊரிலும் இரண்டு தோழர்கள் சேர்ந்து பக்கத்துக் கடைகளில் கேட்டு, எந்தக் கடை என்ன காரணம் சொல்லி மறுத்தது என்று எழுதி அனுப்புங்கள். பட்டியலை மாவட்ட வாரியாகத் தொகுத்துத் துறையிடம் கொடுப்போம். ஆண் தோழர்கள் போனால் கடைக்காரர் வேறு மாதிரி பேசுவார். பெண் தோழர்களையே கேட்கச் சொல்லுங்கள்.