கைவண்ணத்தில் ஒளிரும் இல்லம்

டிசம்பர் மாதம் பிறந்ததும் சுங்கை சிப்புட் வட்டாரக் கிறிஸ்துவத் தமிழர் இல்லங்களின் வாசலில் நட்சத்திர விளக்குகள் ஒளிரத் தொடங்கும். வரவேற்பறையில் கிறிஸ்துமஸ் மரமும் இயேசு பிறப்பைக் காட்டும் குடிலும் இடம்பெறும். இவ்வலங்காரத்தைக் கடையில் வாங்கி வைப்பதா, குடும்பத்தார் கூடிச் செய்வதா என்பது சிந்திக்கத்தக்க வினாவாகும். குடும்பத்தாரின் கைகளால் உருவாகும் அலங்காரமே இவ்விழாவின் நோக்கத்துக்குப் பொருத்தமானது.

குடிலின் வரலாறே இதற்குச் சான்று. 1223ஆம் ஆண்டில், இத்தாலியின் கிரேச்சியோ என்னும் சிற்றூரில், அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் இயேசு பிறப்புக் காட்சியை அமைத்தார். வைக்கோல், தீவனத் தொட்டி, மாடு, கழுதை ஆகியவற்றைக் கொண்டே அக்காட்சி அமைந்தது. ஏழ்மையில் பிறந்த குழந்தையை எளிய மக்களின் கண்முன் நிறுத்துவதே அவருடைய நோக்கமாகும்.

இவ்வெளிமை தோட்டப்புற வாழ்க்கைக்கும் புதியதன்று. தந்தை மூங்கிலைச் சீவி நட்சத்திரம் கட்டுவார். தாய் மரவள்ளி மாவில் பசை காய்ச்சுவார். பிள்ளைகள் வண்ணக் கண்ணாடித்தாளை வெட்டி ஒட்டுவர். லயத்தில் பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகளும் ஆவலோடு கைகொடுப்பர். அங்கே நட்சத்திரத்தோடு உறவும் உருவானது.

இன்று இரப்பர் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பிள்ளைகள் பலர் ஈப்போ, பினாங்கு, கோலாலம்பூர் போன்ற நகரங்களில் வேலை செய்கின்றனர். பெற்றோருக்கு நேரமில்லை என்றும், நெகிழி மரத்தை ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகள் பயன்படும் என்றும் சிலர் கூறுவர். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. வீட்டில் இருக்கும் மரத்தை ஆண்டுதோறும் மீண்டும் பயன்படுத்துவது நன்றே. ஆனால், அண்டை வீட்டாரோடு போட்டியிட்டு ஆண்டுதோறும் புதியன வாங்குவதும், அதற்காகக் கடன்படுவதும் அறிவுடைமை ஆகா. விரலுக்குத் தக்க வீக்கமே வேண்டும்.

பாதுகாப்பையும் மறத்தலாகாது. ஒரே மின்செருகியில் பல விளக்குச் சரங்களைப் பொருத்தினால் தீ விபத்து நேரலாம். நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்படும்முன் விளக்குகளை அணைத்துவிடுவது நல்லது.

குடும்பத்தார் அனைவரும் நெடுநேரம் ஒதுக்க இயலாவிடினும் ஒரு வேலையையாவது சேர்ந்து செய்யலாம். மற்ற அலங்காரங்களை முடித்துவிட்டு, வாசல் நட்சத்திரத்தை மட்டும் வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வீடு திரும்பும்வரை கட்டாமல் வைத்திருக்கலாம். அவர்கள் வந்தபின், பாட்டி தாளை வெட்ட, பேரப்பிள்ளைகள் ஒட்ட, மகன் ஏணியில் ஏறிக் கட்டட்டும். அதன் முனைகள் சற்றே கோணலாக இருந்தாலும் குறையில்லை. அந்த நட்சத்திரம் குடும்பம் ஒன்றுகூடியதை ஊருக்கு அறிவிக்கும். விலை கொடுத்து வாங்கிய விளக்கால் அதைச் சொல்ல இயலாது.