ர. பிரக்ஞானந்தா

ர. பிரக்ஞானந்தா (பிறப்பு: ஆகஸ்ட் 10, 2005, சென்னை) இந்திய சதுரங்க கிராண்ட்மாஸ்டர் ஆவார். ஆர். பி. ரமேஷிடம் பயிற்சி பெற்ற இவர், 2018 ஆம் ஆண்டில் தமது 12 ஆவது அகவையில் இப்பட்டத்தை அடைந்தார். இவருடைய தமக்கை வைசாலியும் கிராண்ட்மாஸ்டர் ஆவார்.

உலகக்கோப்பை, 2023

பக்கூவில் நடந்த இப்போட்டியில் நகமுரா, கருவானா ஆகியோரை வென்று இறுதிச் சுற்றை அடைந்தார். கார்ல்சனுடனான முதலிரு ஆட்டங்களும் சமநிலையில் முடிந்தன. சமன்முறி ஆட்டங்களில் தோல்வியுற்றார். எனினும் 2024 டொராண்டோ வேட்பாளர் போட்டிக்குத் தகுதி பெற்றார். அதில் இவரினும் இளையவரான சென்னையின் குகேஷ் வென்று, அவ்வாண்டு டிசம்பரில் உலக வாகையாளரானார்.

விக் ஆன் சீ, 2025

நெதர்லாந்தில் நடந்த டாட்டா ஸ்டீல் போட்டியில் 13 சுற்றுகளின் முடிவில் இவரும் குகேஷும் தலா 8.5 புள்ளிகள் பெற்றனர். கடைசிச் சுற்றில் இருவருமே தோற்றிருந்தனர். சமன்முறியில் முதல் ஆட்டத்தை இழந்த பிரக்ஞானந்தா, அடுத்த இரண்டையும் வென்று வாகை சூடினார். 2006 இல் ஆனந்த் வென்றபின் இந்தியர் ஒருவர் இங்கு முதலிடம் பெற்றது இதுவே முதன்முறை.

அவ்வாண்டில் புக்கரெஸ்ட், தாஷ்கந்து போட்டிகளிலும் சமன்முறியிலேயே வென்றார். பக்கூவில் பட்டத்தைப் பறித்த அதே முறை மூன்று வெற்றிகளைத் தந்தது. இவ்வெற்றிகளின் புள்ளிகள் 2026 வேட்பாளர் போட்டிக்கு வழிவகுத்தன. முந்தைய தகுதி ஒரே போட்டியின் பயன். இது ஓராண்டு உழைப்பின் பயன்.