சீக்கிரம் வந்தாலும் தப்பு

சாலையின் குறுக்கே விரல் தடிமனில் கறுப்பாக ஒரு ரப்பர்க் குழாய் கிடக்கும். முன்சக்கரம் அதன்மேல் ஏறியதும் உள்ளே காற்று அழுந்தி, ஓரத்தில் வைத்திருக்கும் கருவியில் நேரம் பதிவாகிவிடும். வினாடியில் நூறில் ஒரு பங்கு வரை கணக்கு. அடுத்த குழாய் நூற்றைம்பது மீட்டர் தள்ளிக் கிடக்கிறது. அதன்மேல் சரியாக 18 வினாடியில் ஏற வேண்டும் என்று ரோடு புக் சொல்கிறது. 17.90 ஆனாலும் மதிப்பெண் போகும், 18.10 ஆனாலும் போகும். நடுவில் வண்டியை நிறுத்தி நேரத்தைக் கடத்தலாம் என்றால் அதற்குத் தனியாகத் தண்டம் உண்டு. உருட்டிக்கொண்டே வந்து, அந்த நொடியில், அந்த இடத்தில் ஏற வேண்டும். மூச்சு விடுவதற்குள் அடுத்த குழாய், அதற்கு வேறொரு நேரம்.

இத்தாலியின் மில்லே மில்யா ராலியில் இந்தக் குழாய்கள் வழி நெடுக வரும். வடக்கே பிரேஷா நகரில் கிளம்பி, ரோம் வரை இறங்கி, மறுபடி பிரேஷாவுக்கே வந்துசேர வேண்டும். 1600 கிலோமீட்டருக்குக் குறையாத பாதை. அதில் கல்லூரித் தோழன் ஒருவனின் காரில் நேவிகேட்டராக உட்கார்ந்து வந்தேன். வேலைக்காக மிலானுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவன் அவன். ஸ்டியரிங் அவன் கையில். என் மடியில் ரோடு புக், கையில் ஸ்டாப்வாட்ச், கண் சாலையில். "அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு, ஏறு!" என்று தமிழிலேயே எண்ணிக்கொண்டு போனோம். பதற்றத்தில் வேறு மொழி வாயில் வராது.

கார் 1954ஆம் வருடத்து பியட் 1100 டி.வி. நம்மில் நாற்பதைத் தாண்டிய யாரும் அதைப் பார்த்ததும் அடையாளம் சொல்லிவிடுவார்கள். பம்பாயில் பிரீமியர் கம்பெனி செய்து, பின்னாளில் பத்மினி என்று பெயர் வைத்து, 2000ஆம் வருடவாக்கு வரை விற்ற பியட்டுக்கு இது மூத்த அண்ணன். அதே 1089 சி.சி. எஞ்சின் அளவு, ஸ்டியரிங் தண்டிலேயே கியர். முன்கதவு மட்டும் பின்பக்கக் கீலில் மாட்டி, எதிர்த்திசையில் திறக்கும். கிரில்லின் நடுவே மூன்றாவதாக ஒரு விளக்கு இருக்கும். பக்கத்தில் கோடிக்கணக்கில் விலைபோகும் பெராரியும் மசெராட்டியும் நிற்கும்போது இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஊருக்கு ஊர் வயதானவர்கள் நேராக இதை நோக்கித்தான் வந்தார்கள். அவர்கள் வீட்டில் இருந்த கார் இது. பெராரி யார் வீட்டில் இருந்தது?

எந்தப் பழைய காரும் இதில் நுழைந்துவிட முடியாது. 1927 முதல் 1957 வரை நடந்த உண்மையான பந்தயத்தில் ஓடிய மாதிரியாக இருக்க வேண்டும். அதை ஆராய்ந்து பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அந்தப் பந்தயத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்றைய ராலி ஏன் இப்படி இருக்கிறது என்பதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

1921இல் இத்தாலியின் முதல் கிராண்ட் பிரி பிரேஷா பக்கம் நடந்தது. அடுத்த வருடமே அது மோன்சாவுக்குப் போய்விட்டது. அந்த மனக்குறையைத் தீர்க்கத்தான் ஐமோ மாஜி, பிராங்கோ மட்சோட்டி, ரென்சோ கஸ்தன்யெத்தோ, பத்திரிகையாளர் ஜொவான்னி கனெஸ்ட்ரினி என்ற நாலு பேர் சேர்ந்து, மூடிய பந்தயத் தடம் எதற்கு, நாட்டின் சாலைகளிலேயே ஓட்டுவோம் என்று கிளம்பினார்கள். 1927இல் முதல் பந்தயம். பிரேஷாவிலேயே தயாரான ஓ.எம். கார் 21 மணி 4 நிமிடத்தில் வந்து ஜெயித்தது. சராசரி மணிக்கு 77 கிலோமீட்டர். அன்றைய மண் சாலையில் அது பெரிய வேகம்.

1955இல் ஸ்டர்லிங் மாஸ் அதே பிரேஷா-ரோம்-பிரேஷாவை மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். காரில் 10 மணி 7 நிமிடம் 48 வினாடியில் முடித்தார். சராசரி 157 கிலோமீட்டர். காலை 7.22க்குக் கிளம்பியதால் வண்டி எண் 722. எனக்கு மாஸைவிட, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெனிஸ் ஜென்கின்சனைத்தான் பிடிக்கும். அவர் பந்தயம் எழுதும் பத்திரிகையாளர். முன்கூட்டியே பாதை முழுக்கப் போய்ப் பார்த்து, ஒவ்வொரு வளைவையும் ஐந்தரை மீட்டர் நீளக் காகிதச் சுருளில் எழுதி, அதை ஒரு சின்ன அலுமினியப் பெட்டிக்குள் இரண்டு உருளைகளில் சுற்றி, கண்ணாடி வழியே படித்துக்கொண்டே வந்தார். எஞ்சின் இரைச்சலில் பேச முடியாது. எல்லாம் கைச் சைகை. வழியில் வாந்தி எடுக்கத் தலையை வெளியே நீட்ட, காற்று அவர் மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. மாற்றுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மேலே படித்தார். மேடு ஏறினால் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று மாஸுக்குத் தெரியாத இடத்திலும் ஆக்சிலரேட்டரிலிருந்து அவர் காலை எடுக்கவில்லை, பக்கத்தில் இருந்தவரின் விரலை நம்பி.

இரண்டே வருடத்தில், 1957 மே 12 அன்று, குயிதிட்ஸோலோ என்ற சிற்றூர் அருகே அல்போன்சோ தெ போர்த்தாகோ ஓட்டிவந்த பெராரியின் டயர் வெடித்தது. பிரேஷாவை எட்ட இன்னும் கொஞ்ச தூரம்தான். நேரான சாலை, முழு வேகம், இரண்டு பக்கமும் வேடிக்கை பார்க்க நின்ற ஜனங்கள். போர்த்தாகோவும் உடன் இருந்த எட்மண்ட் நெல்சனும் செத்தார்கள். பார்க்க வந்தவர்களில் ஒன்பது பேர் செத்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். சாலைப் பந்தயமாக மில்லே மில்யா அதோடு முடிந்தது.

1977இல் மறுபடி தொடங்கியபோது அது வேகப் பந்தயமாக இல்லை. குறித்த நேரத்துக்குக் குறித்த இடத்தில் இருப்பதே போட்டி என்றாகியது. பந்தயத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்று குறைப்படுகிறவர்களை நான் நேரில் கேட்டிருக்கிறேன். அவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. ஐந்து குழந்தைகள் செத்த பிறகு ஒரு ஊர் தன் பெருமையை எப்படித் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டுமோ, அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. சுலபமாகிவிட்டது என்பதும் உண்மை கிடையாது. மிதிப்பதற்குத் துணிச்சல் போதும். எழுபது வருடப் பழைய வண்டியை, அதன் கிளட்ச் எங்கே பிடிக்கும், பிரேக் எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரிந்துகொண்டு, இத்தனை நொடியில் இந்த இடம் என்று கொண்டுபோய் நிறுத்தாமல் உருட்டுவதற்கு வண்டியோடு வருடக்கணக்கில் பழகியிருக்க வேண்டும். பிரேஷாக்காரரான ஆந்திரேயா வெஸ்கோ போன்றவர்கள் 1929ஆம் வருடத்து ஆல்பா ரோமியோவில் வந்து, நூறில் சில பங்கு வினாடிகளுக்கு மேல் பிசகாமல் குழாய்க்குக் குழாய் ஏறுகிறார்கள். கார் எவ்வளவு பழையதோ அந்த அளவுக்குப் புள்ளிகளைப் பெருக்கிக் கொடுக்கிற கணக்கும் உண்டு. அதனால் புதுக் காரில் வருகிறவருக்குச் சலுகை இல்லை.

குழாய்கள் மட்டும் இல்லை. மலைச்சாலையில் இத்தனை கிலோமீட்டர் சராசரி வேகம் என்று கொடுத்துவிட்டு, எங்கே அளக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் மறைத்து வைப்பார்கள். டைம் கன்ட்ரோல் என்று ஊர் ஊராகச் சாவடிகள். அங்கே தாமதமாகப் போனாலும் தண்டம், முந்திப் போனாலும் தண்டம். அதனால் ஒவ்வொரு சாவடிக்கும் முன்னால் நாலைந்து கார்கள் மரத்தடியில் சும்மா நின்று, தங்கள் நிமிடம் வருவதற்காகக் காத்திருக்கும். ரோடு புக்கில் எழுத்து குறைவு, படம்தான் அதிகம். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு சின்னக் கோட்டுப்படம்: புள்ளி இருப்பது நீ வரும் பக்கம், அம்பு இருப்பது நீ போகும் பக்கம். அருகே முந்தைய சந்திப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்ற எண். ஒரு படத்தைத் தவறவிட்டால் அடுத்த பத்தும் பொருந்தாது.

வயதில் மூத்த கார்கள் முதலில் கிளம்பும். 1954 என்பதால் எங்களுக்கு வரிசையின் பின்பாதி. ரோமுக்குள் நுழையும்போது நள்ளிரவு நெருங்கியிருந்தது. வியா வெனெத்தோ தெருவின் ஓட்டல் வாசல்களில் அந்த நேரத்திலும் ஜனங்கள் நின்று கைதட்டினார்கள்.

திரும்பும் வழியில் சியேனா, பிளாரன்ஸ், அதற்கப்புறம் புட்டா கணவாய். 903 மீட்டர் உயரம்தான். நம் ஏற்காட்டைவிடத் தாழ்வு. ஆனால் ஜூன் மாத வெயிலில், முன்னால் ஊர்ந்து போகும் வண்டிகளின் பின்னால் இரண்டாவது கியரிலேயே ஏறிக்கொண்டிருந்தால் பியட்டுக்குப் பொறுக்காது. பாதி மலையில் எஞ்சின் விக்கத் தொடங்கியது. இரண்டு வளைவு தாண்டுவதற்குள் நின்றேபோனது. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் பம்பிலும் குழாயிலும் இருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத்தான் தள்ளும், கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகாது. இதை எனக்கு யாரும் இத்தாலியில் சொல்லித்தரவில்லை. சித்தப்பாவின் பியட்டில் ஏற்காடு ஏறிய ஒவ்வொரு முறையும் டிரைவர் அண்ணன் பானட்டைத் தூக்கி, பம்ப் மேல் ஈரத் துணியைச் சுற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

"துண்டு இருக்காடா?" என்றேன். அவன் கழுத்தில் இருந்ததையே உருவிக் கொடுத்தான். எங்கள் பாட்டிலில் இரண்டு மிடறு தண்ணீர்தான் மிச்சம். அதற்குள் எதிர்வீட்டிலிருந்து ஒரு பெரியவர் தோட்டத்துக்கு ஊற்றும் பூவாளியோடு வந்துவிட்டார். துணியைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் சுற்றியது சரியில்லை என்று பிரித்து, குழாய் வரையில் சேர்த்து அவரே இறுக்கிச் சுற்றி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். பம்பின் கீழே இருக்கும் கைப்பிடியை நண்பன் நாலைந்து தடவை அழுத்த, பெட்ரோல் ஏறியது. செல்ப் அடித்ததும் பிடித்துக்கொண்டது. பெரியவர் கூரையில் ஒரு தட்டுத் தட்டி, போ போ என்று கையை வீசினார்.

ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். அடுத்த சாவடிக்கு இருந்த நேரம் பெரும்பாலும் கரைந்திருந்தது. இனி இறக்கம். கொஞ்சம் விட்டு ஓட்டினால் பிடித்துவிடலாம் என்று கணக்கு சொன்னது. நானும் சொன்னேன். அவன் வேகத்தைக் கூட்டவே இல்லை. "விடுடா, போகட்டும். கீழ பசங்க நிப்பாங்க" என்றான். நின்றார்கள். இறக்கத்தின் அடியில் வந்த முதல் ஊரிலேயே, ஒரு பள்ளிக்கூடமே திரண்டு வந்ததுபோல் இரண்டு பக்கமும் பிள்ளைகள், கையில் காகிதக் கொடி, சாலையின் வெள்ளைக் கோட்டை ஒட்டி. அவர்களுக்கும் எங்கள் மட்கார்டுக்கும் ஒரு முழம் இடைவெளி இருந்திருக்கும். தண்டம் விழுந்தது, நிறைய இடம் பின்னுக்குப் போனோம். அவனோடு இனி எத்தனை ராலிக்கு வேண்டுமானாலும் போவேன்.

இதைச் சொல்லாமல் விட முடியாது: அதே சாலையில் எதிர்ப்பக்கம் ஏறி, வரிசையாக நாலைந்து கார்களை முந்திக்கொண்டு பறந்தவர்களையும் பார்த்தேன். அதில் ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. சாவடியில் போய்க் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனாலும் பறக்கிறார்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காராக இருந்தாலும், அந்தச் சாலை அந்த ஊர்க்காரர்களுடையது. தங்கள் வாசல் வழியே போக விடுகிறார்கள், நாற்காலி போட்டு உட்கார்ந்து கைதட்டுகிறார்கள், பூவாளியோடு ஓடி வருகிறார்கள். அந்த நம்பிக்கையை ஒருமுறை உடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு குயிதிட்ஸோலோ இருக்கிறது. நுழைவுக் கட்டணமும் சாமானியர்கள் எட்ட முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. என் நண்பன் பல வருடம் சேர்த்துவைத்துத்தான் பெயர் கொடுத்தான். பியட், தொப்போலினோ போன்ற சின்னக் கார்கள் வரிசையிலிருந்து மறைந்துபோனால், அந்தப் பெரியவர்கள் நெருங்கி வந்து தொட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.

இது பணக்காரர்கள் மட்டும் செய்ய வேண்டிய காரியமும் அல்ல. ஒரு ரோடு புக், இரண்டு ஸ்டாப்வாட்ச், குழாய்க்குப் பதில் சாலையோரம் கொடி பிடித்த இரண்டு ஆள். தமிழ்நாட்டில் இன்னும் ஓடும் நிலையில் பியட்டும் அம்பாசிடரும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை பளபளவென்று துடைத்துக் கண்காட்சி மைதானத்தில் நிறுத்துவதோடு சரி. நிறுத்திவைத்த காரில் பெட்ரோல் பம்பின் டயாபிரம் காய்ந்து வெடிக்கும், பிரேக் சிலிண்டர் இறுகும், பெட்ரோல் டேங்கில் துரு இறங்கும். அதைவிட, காதால் கேட்டே பாயின்ட் இடைவெளியைச் சொல்லும் மெக்கானிக்குகளுக்கு வேலை இல்லாமல் போகும். சேலம், ஏற்காடு, கொல்லிமலை, திருச்சி என்று மூன்று நாள் மெதுவாக, நேரம் தவறாமல் ஓட்டிப் பார்த்தால் அந்தக் கார்களுக்கும் நல்லது, அந்தக் கைகளுக்கும் நல்லது. நான் இதைச் சும்மா சொல்லவில்லை. கார் வைத்திருக்கும் சிலரிடம் பேசத் தொடங்கியிருக்கிறேன்.

நண்பன் போன வாரம் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான்: பெட்ரோல் பம்ப் டயாபிரம், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிரேக் சிலிண்டர் வாஷர்கள். மிலானில் கேட்கிற விலைக்கு, பத்மினி சாமான் அளவு ஒத்துவருமா பார் என்று. புதுப்பேட்டைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் பட்டியலைப் படித்துவிட்டு, "எந்த வருசத்து வண்டி சார்?" என்றார். 1954 என்றேன். பரணில் இருந்த ஒரு தகர டப்பாவை இறக்கித் தரையில் கொட்டி, டயாபிரம்களை ஒவ்வொன்றாக விரலால் வளைத்துப் பார்க்கத் தொடங்கினார். "இது வேணாம், காஞ்சிடுச்சு. இது போடலாம். பம்ப்ல எத்தனை ஸ்க்ரூன்னு கேட்டுச் சொல்லுங்க சார், ஆறா, எட்டா?"

மிலானில் அப்போது காலை ஏழரை. போன் போட்டேன்.