கல்லுக்குள் ஒரு கடல்!
அரியலூர்ப் பாறைகள் சொல்லும் கதை

அரியலூர் கடற்கரை ஊர் அல்ல. அங்கே அலை இல்லை, படகு இல்லை, மீன் வலையும் இல்லை. ஆனால் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புச் சுரங்கத்தில் பாறையை உடைத்தால் சிப்பி சிப்பியாக வருகிறது! அத்தனையும் கல்லாகிப் போன சிப்பிகள்.

வறண்ட நிலத்துக்குச் சிப்பி எப்படி வந்தது?

சிப்பி வரவில்லை. கடல்தான் போய்விட்டது! பல கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் கடலாக இருந்தது. செத்த பிராணிகளின் ஓடுகள் அடியில் படிந்தன. மேலே சேறு மூடியது. நாளடைவில் சேறு பாறையாயிற்று, ஓடும் கல்லாயிற்று. இதற்குத்தான் "புதைபடிவம்" என்று பெயர்.

சுருள் ஓட்டுப் பிராணி

பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்துப் பக்கம் "அம்மோனைட்" என்ற பிராணியின் கல் ஓடுகள் கிடைக்கின்றன. ஆட்டுக்கொம்பு போல் சுருண்டிருக்கும். இது கணவாய் மீனுக்குத் தூரத்து உறவு. பூஜை அறையில் வைக்கும் சாளக்கிராமமும், நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட் கல்தான்.

இந்த ஓடுகள்தான் விஞ்ஞானிகளுக்குக் காலண்டர்! பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தவை. அடியில் இருப்பது பழையது; மேலே இருப்பது புதியது. அடுக்குக்கு அடுக்கு ஓட்டின் அமைப்பு மாறுகிறது. ஓர் இனம் மறைகிறது, இன்னொன்று தோன்றுகிறது. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அம்மோனைட் வம்சமே அழிந்தது. ராட்சத டைனோசர்கள் அழிந்ததும் அந்தச் சமயத்தில்தான். உயிர்கள் மாறி வந்திருக்கின்றன என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மரமும் கல்லாயிற்று

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. வயது சுமார் 12 கோடி ஆண்டு! பூக்கும் மரங்கள் எங்கும் பரவுவதற்கு முன் ஊசியிலை மரங்களே காடுகளை ஆண்டன. அந்த வகை மரம் இது. 1940-ல் எம். எஸ். கிருஷ்ணன் என்ற புவியியல் நிபுணர் இதை உலகுக்கு அறிவித்தார். அதற்கு முன்பே, 1846-ல், இந்தப் பகுதிப் படிவங்களைப் பற்றி எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற விஞ்ஞானி லண்டனில் எழுதியிருந்தார்.

சிமெண்டா, சரித்திரமா?

சுண்ணாம்புக்கல் சிமெண்டாகிறது. வீடும் பாலமும் எழுகின்றன. பலருக்கு வேலை கிடைக்கிறது. சுரங்கம் தோண்டியதால்தான் பல படிவங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. அதே சுரங்கத்தில் எத்தனையோ படிவங்கள் தூளாகியும் போகின்றன.

வேறோர் ஆபத்தும் உண்டு. "அழகாக இருக்கிறதே" என்று ஒருவர் கல்லை எடுத்துப் போகிறார். அது எந்த அடுக்கில் இருந்தது என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது. அடுக்கு தெரியாத படிவம், விலாசம் இல்லாத கடிதம்! அழகு இருக்கும், சேதி பாதி போய்விடும்.

இத்தகைய இடங்களைக் காக்க 2022 டிசம்பரில் மத்திய அரசாங்கம் ஒரு மசோதாவின் நகலை வெளியிட்டது. சட்டம் தேவைதான். ஆனால் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் காவல் போட முடியாது. பாறையை உடைக்குமுன் நிபுணர் ஒருவர் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கும் கல்லின் அருமையைச் சொல்லித்தர வேண்டும்.

சிமெண்டை வேறு இடத்துக் கல்லிலும் செய்யலாம். உடைந்த படிவத்தை மறுபடி செய்ய எந்த ஆலையாலும் முடியாது!