கடலுக்கு ஓய்வு உண்டு, மலைக்கு?

மண்டபத்தூர்க் கடற்கரையில் நின்று மேற்கே நோக்கினால் கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை மேடென்று ஒன்றைக் காண இயலாது. நெய்தலும் மருதமும் அடுத்தடுத்துக் கிடக்கும் சமவெளி நமது. குறிஞ்சியை நாம் ஏட்டில்தான் அறிவோம். கபிலர் அடுக்கிய 99 மலர்களுள் பத்தைக்கூடக் கண்ணால் கண்டவர் நம்மில் அரியர். ஆகவே கோடை பிறந்தால் மலை காணும் வேட்கை எழுவது இயல்பே. கல்லூரியின் இன்பச் சுற்றுலா ஆயினும், குடும்பத்தோடு செல்லும் பயணம் ஆயினும், முதலில் நாவில் வரும் பெயர் உதகமண்டலம்.

அப்பயணத்திற்கு அண்மையில் ஒரு கட்டுப்பாடு வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகள் இ-பாஸ் பெறவேண்டும் என்றாயிற்று. 2025ஆம் ஆண்டுக் கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என எண்ணிக்கையும் வரையறுக்கப்பெற்றது. "நம் காசில் நாம் போகிறோம், மலைக்குக் கதவு போட இவர்கள் யார்?" என்று சினந்தோர் நம் பக்கத்திலும் உண்டு. அச்சினம் பொருந்தாது என்பது நம் கருத்து.

உதகை இயற்கையாய் அமைந்த உல்லாச ஊர் அன்று. கோயம்புத்தூர் ஆட்சியராய் இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறிச் சென்றார். அவர் எழுப்பிய கல் வீடும், வெட்டுவித்த ஏரியும் பின்னர் ஓர் ஊராய் வளர்ந்தன. வெயில் தாங்காத வெள்ளையர்க்கு அது உடல்நல ஊர். விரைவிலேயே விளையாட்டு ஊர். இங்கிலாந்தில் நரியை வேட்டை நாய்கள் கொண்டு துரத்துவது மேட்டுக்குடி வழக்கம். அந்த நரி நீலகிரியில் இல்லாமையால் நம் குள்ளநரியைத் துரத்தினர். குதிரை ஓட வென்லாக் புல்வெளி வாய்த்தது. ஓடைகளில் மீன் இருந்தும் தூண்டிலுக்கு ஏற்றது வேண்டுமென்று அயல்நாட்டு டிரவுட் மீனைக் கொணர்ந்து, 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் அமைத்தனர். உலகெங்கும் ஆடப்பெறும் ஸ்நூக்கருக்கு 1882இல் விதிகள் வகுக்கப்பட்டதும் உதகை கிளப்பில்தான். அந்த மலையில் அவர்கள் ஆடிய ஆட்டங்களுள் எவ்வுயிருக்கும் தீங்கு செய்யாதது அது ஒன்றே போலும்!

வேட்டையின் விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1877இல் வேட்டைக்காரர்களே ஒரு சங்கம் கூடினர். 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. விலங்கின்மீது கொண்ட இரக்கத்தால் அன்று; நாளைக்குச் சுட விலங்கு மிஞ்சாதே என்னும் கவலையால். எனினும் அக்கவலையும் ஒரு பயன் தந்ததை மறுப்பதற்கில்லை. அச்சங்கமே காலப்போக்கில் கானுயிர்ப் பாதுகாப்புக்குத் திரும்பிற்று. அதன் பணியில் ஈடுபட்ட குன்னூர் வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. டேவிதார் 1975இல் வரையாடுகளைப் பற்றி நடத்திய ஆய்வு முன்னோடியானது. அவர் நினைவாகவே அக்டோபர் 7 இன்று வரையாடு நாளாகக் கொள்ளப்படுகிறது. சங்க நூல்கள் வருடை எனக் குறிக்கும் அவ்விலங்கு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2024இல் எடுத்த கணக்கில் தமிழகத்து மலைகள் அனைத்திலும் சேர்த்து இருந்தவை 1,031. நம் கல்லூரி மாணவர் எண்ணிக்கையோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தால் நெஞ்சு திடுக்கிடும்.

துப்பாக்கி ஓய்ந்தபின் தீங்கு வேறு வடிவில் வந்தது. விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், ஆலைக்குமாகச் சீகையும் கற்பூர மரமும் புல்வெளியில் நடப்பட்டன. தோடர்களின் எருமைக்கு மேய்ச்சல் குறுகியது. வரையாடு முக்குருத்தி போன்ற விளிம்புகளுக்கு ஒதுங்கியது. தோடர்க்கும் விளையாட்டு உண்டு. மொற்பர்த் திருநாளில் முத்தநாடு மந்தில் இளைஞர் உருண்டைக் கல்லைத் தோளுக்கு ஏற்றி ஆற்றலைக் காட்டுவர். அதற்கு ஒரு கல்லும் கொஞ்சம் புல்தரையும் போதும். குதிரைப் பந்தயத்திற்கோ நகரின் நடுவே 52 ஏக்கர் தேவைப்பட்டது. குத்தகை 1978இல் முடிந்தும் பல்லாண்டு நிலம் திரும்பவில்லை. 2024 ஜூலையில் அரசு அதனை மீட்டது. அங்கே இனி எது வந்தாலும், சேற்று நிலத்தின்மேல் கட்டடமாக வரலாகாது.

மலையடியில் சீகூர் நிலை இன்னும் கடுமை. யானை நடந்த தடத்தில் விடுதிகள் முளைத்தன. காட்டைக் காணவென்று வருவோர்க்காகக் காட்டின் வழியையே அடைத்த கொடுமை அது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் யானை வழித்தடத்தை உறுதிசெய்தது. விடுதியில் வேலை பார்த்த உள்ளூர் ஏழைகளின் பிழைப்பு என்னாகும் என்ற வினாவைச் சிலர் எழுப்பினர். அது நேர்மையான வினா. அவர்களுக்கு மாற்றுப் பிழைப்பு காட்டுவது அரசின் கடன். ஆயினும் யானைக்கு மாற்றுப் பாதையை எவரும் வகுத்துத் தர இயலாதே.

இனி நம் கரைக்கு வருவோம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் காரைக்கால் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. முன்னர் 45 நாளாயிருந்த இத்தடை 2017 முதல் நீண்டது. மீன் முட்டையிட்டுப் பெருகவேண்டும் என்பதற்காக, கடன் வாங்கிப் படகு கட்டியவரும் அன்றாடக் கூலிக்கு ஏறுபவரும் இரண்டு திங்கள் வருவாயைத் துறக்கின்றனர். நிவாரணம் போதவில்லை என்ற முறையீடு உண்டு. தடையே வேண்டாம் என்போர் குறைவு. வியப்பு யாதெனில், உதகையில் கூட்டம் அலைமோதுவதும் இதே நாள்களில்தான். பசிக்குத் தொழில் செய்பவர் கடலுக்கு ஓய்வு தருகையில், பொழுதுபோக்கச் செல்பவர் மலைக்கு அவ்வோய்வு தர மறுப்பது என்ன நியாயம்?

நமக்கு இதில் தன்னலமும் உண்டு. சோலையும் புல்வெளியும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி ஓடைகளில் மெல்ல விடுகின்றன. முக்குருத்திப் பக்கத்து நீர் பைக்காராவாய், மாயாறாய் இறங்கிப் பவானிசாகரில் தேங்குகிறது. பாசனத்திற்குப் போக எஞ்சியது பவானிக் கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. கடைமடையாகிய நம்மிடம் வந்து சேரும்போது அதில் நீலகிரியின் துளி எத்தனை என்று அளந்து சொல்லல் அரிது. மிகுதி என்று நாம் வாதிடவும் இல்லை. ஆனால் புதுச்சேரிக்கென ஒதுக்கிய 7 டி.எம்.சி. நீரை எதிர்பார்த்து விதைக்கும் காரைக்கால் உழவன், மேலே எந்த ஓடை வற்றினாலும் கவலைப்படவேண்டியவன்தான்.

மலைக்குப் போகவே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. 2025இன் வரையறையிலும் அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் தடை இல்லை. காரைக்காலிலிருந்து எர்ணாகுளம் செல்லும் விரைவு ரயில் கோவையைத் தொட்டுத்தான் செல்கிறது. அங்கிருந்து மேட்டுப்பாளையம் வழியாகப் பேருந்தில் ஏறலாம், இடம் கிடைத்தால் 1899இல் ஓடத் தொடங்கிய பல்சக்கர ரயிலிலேயே குன்னூர்க் காட்டைக் காணலாம். அடுத்த சுற்றுலாவைத் திட்டமிடும் துறைகள் ஏப்ரல், மே மாதங்களை விட்டுவிட்டு, மழை ஓய்ந்த தை மாதத்தைக் கொள்ளட்டும். தாவரவியல் பூங்காவுக்கு ஒரு காலைப்பொழுது போதும். மாலையில் முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்திற்கு மாணவரை அழைத்துச் செல்லலாம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர் வாழ்வைப் பற்றி அங்கே கேட்டறிய நிறைய இருக்கிறது.